புன்னகைக்கு நரம்பு தேடியவர்கள்

காது மடலுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால் விரலை வைத்துப் பாருங்கள். அந்த இடத்தில்தான் முக நரம்பு மண்டையோட்டை விட்டு வெளியே வருகிறது. பிறகு உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, ஐந்து முக்கியக் கிளைகளாகப் பிரிந்து, நெற்றியிலிருந்து கழுத்துவரை பரவுகிறது. கண்ணை மூடுவதும், வாயைக் குவிப்பதும், சிரிப்பதும் இந்த நரம்பு செய்யும் வேலை. இது செயலிழந்தால் கண் மூடாது, வாய் ஒரு பக்கம் கோணும், குடிக்கும் தண்ணீர் கடைவாயில் வழியும். அப்படி அசைவற்றுப் போன முகத்துக்கு அசைவைத் திருப்பித் தர மருத்துவர்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்பதுதான் இன்றைய வரலாறு.

முகத்தை அசைப்பது இந்த நரம்புதான் என்பதை 1821-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கியவர் சார்லஸ் பெல். 'பெல்ஸ் பால்சி' என்ற முகவாதத்துக்கு அவர் பெயர்தான். ஆனால் காரணம் தெரிந்த பிறகும், அறுந்த நரம்புக்கு என்ன செய்வது என்பதற்குப் பல பத்தாண்டுகள் விடை இல்லை.

1895-இல் லண்டன் அறுவை மருத்துவர் சார்லஸ் பேலன்ஸ், தோளுக்குப் போகும் நரம்பை முக நரம்போடு இணைத்தார். பக்கத்து வயலின் வாய்க்காலைத் தன் வயலுக்குத் திருப்புவது போன்ற வேலை அது. இந்த முறையில் முகத்துக்கு உயிர் வந்தது. ஆனால் தோளைத் தூக்கினால் கன்னமும் சேர்ந்து இழுத்தது. 1901-இல் ஜெர்மனியின் கோர்ட்டே, நாக்கை அசைக்கும் நரம்பைப் பயன்படுத்தினார். இதில் முகத்துக்கு நல்ல வலு கிடைத்தது. ஆனால் நாக்கின் ஒரு பாதி சூம்பிப்போனது. பேச்சும் விழுங்குவதும் சிரமமாயின. நரம்பை முழுவதும் வெட்டாமல் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும் முறை பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

நரம்புக்குப் பதில் தசையையே இடம் மாற்றினால் என்ன? 1934-இல் ஹெரால்ட் கில்லீஸ் விவரித்த முறை இதுதான். நெற்றிப்பொட்டில் இருக்கும், மெல்லுவதற்கு உதவும் தசை வேறொரு நரம்பின் கட்டுப்பாட்டில் இருப்பதால் முகவாதத்தில் கெடுவதில்லை. அதன் ஒரு பட்டையைக் கண் இமைக்கோ கடைவாய்க்கோ திருப்பிவிட்டார்கள். இந்த முறைக்கு நம் மண்ணில் பெரிய பயன் இருந்தது. தொழுநோய் முக நரம்பைத் தாக்கும்போது இமை மூடாமல், விழி உலர்ந்து, புண்ணாகிப் பார்வையே போய்விடும். வேலூர் வட்டாரத்தில், கரிகிரி தொழுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில், இந்தத் தசை மாற்றம் கண்களைக் காப்பாற்றியது. பல்லைக் கடித்தால் இமை மூடும். அதனால் நோயாளிகள் எதையாவது மென்றுகொண்டே இமைக்கப் பழகினார்கள்.

பல்லைக் கடித்துச் சிரிக்கலாம். ஆனால் பேரப்பிள்ளை ஓடி வரும்போது தானாக மலரும் சிரிப்பு எங்கிருந்து வரும்? அந்தக் கட்டளை முக நரம்பில் மட்டுமே வருகிறது. 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் ஸ்கரமெல்லா, அமெரிக்காவின் ஸ்மித், ஆஸ்திரியாவின் ஆண்டர்ல் ஆகியோர் அதை நலமாக இருக்கும் மறு கன்னத்தில் தேடினார்கள். அங்கே ஒரே வேலைக்குப் பல கிளைகள் இருப்பதால் ஒன்றை எடுத்தாலும் குறை தெரியாது. கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து அந்தக் கிளையில் தைத்து, மேலுதட்டுக்குள்ளாக மறுபக்கம் கொண்டுவந்தார்கள். நரம்பிழை ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். ஆகவே மறுபக்கம் வந்து சேரவே ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். மருத்துவர் நரம்பின் நுனி இருக்கும் இடத்தில் விரலால் தட்டுவார். எதிர்க் கன்னத்தில் 'சுர்' என்றால், இழை வந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் பழைய முகவாதத்தில் அதற்குள் முகத் தசைகள் சூம்பியிருக்கும். அதற்கு 1976-இல் வழி காட்டியவர் ஜப்பானின் ஹாரி. தொடையின் உட்பக்கத்தில் உள்ள கிராசிலிஸ் தசையை எடுத்தாலும் நடையில் குறை வராது. அதன் ஒரு துண்டைக் கன்னத்தில் வைத்து, நுண்ணோக்கியின் கீழே, தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக் குழாய்களையும் நரம்பையும் தைத்தார். பின்னர் இந்தத் தசை மாற்றமும் மறு கன்னத்து நரம்பும் சேர்ந்து ஒரே சிகிச்சையாயின. பிறவியிலேயே இரண்டு பக்கமும் அசையாத, மோபியஸ் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு அந்த மறு கன்னமும் இல்லை. அவர்களுக்குக் கனடாவின் டொரோண்டோவில் ரொனால்ட் ஸூக்கர், தாடைத் தசையின் நரம்பைக் கொடுத்தார். முதலில் கடித்துச் சிரிக்கிறார்கள். பழகிய பிறகு பலர் கடிக்காமலே சிரிக்கிறார்கள்.

இவ்வளவு முறைகள் வந்த பிறகும் காலத்தை மட்டும் வெல்ல முடியவில்லை. நரம்புத் தொடர்பு இல்லாத முகத் தசை ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குமேல் தாங்குவது கடினம். ஆகவே முகம் கோணினால், காற்று பட்டது என்று ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். கையும் சேர்ந்து தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். பெல்ஸ் பால்சி என்றால் மூன்று நாளுக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும். பெரும்பாலோர் அறுவை இல்லாமலே குணமாவார்கள். மூன்று மாதம் ஆகியும் அசைவு சரியாகத் திரும்பவில்லையா? இனி இப்படித்தான் என்று வீட்டுக்குள் முடங்காமல் முகநரம்புச் சிகிச்சை தெரிந்த மருத்துவரைப் பாருங்கள். கண் மூடவில்லை என்றால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.