பேஜரும் பெரட்டு மணியும்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



தொண்ணூறுகளில் சுங்கைப் பட்டாணி, கூலிம் பட்டணங்களில் சிலர் இடுப்பில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றைச் செருகியிருப்பார்கள். அதுதான் பேஜர். 'பீப் பீப்' என்று கத்தும், அழைத்தவரின் எண்ணைக் காட்டும். உடனே பொதுத் தொலைபேசியைத் தேடி ஓடுவார்கள். கைத்தொலைபேசி வந்தது; பேஜர் மறைந்தது. ஜப்பானில் கடைசி நிறுவனமும் 2019 செப்டம்பரோடு அந்தச் சேவையை நிறுத்திவிட்டது.

"அப்படின்னா அது குப்பைதானே சார்?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். இல்லை தம்பி! பிரிட்டனில் கடலில் தத்தளிப்போரைக் காக்கும் படகுத் தொண்டர்களையும், ஜெர்மனியில் தீயணைப்புத் தொண்டர்களையும் இன்றைக்கும் பேஜர்தான் அழைக்கிறது.

காரணம் எளிது. சாதாரணப் பேஜர் பேசாது. கேட்க மட்டுமே செய்யும். அதனால் ஒரு சின்ன பேட்டரி வாரக்கணக்கில் உழைக்கும். ஆபத்து நேரத்தில் எல்லாரும் கைத்தொலைபேசியை எடுத்தால் வழி அடைத்துக்கொள்ளும். பேஜருக்கோ ஒரே அலையில் நூறு பேருக்கும் ஒரே செய்தி போய்விடும். நம் தாத்தா பாட்டி காலத்துப் பெரட்டு மணியும் இதே வேலையைத்தான் செய்தது. தண்டவாளத் துண்டில் நாலு அடி அடித்தால் லயம் முழுக்க எழுந்துகொள்ளும். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

26.12.2004 அன்று காலை 9 மணிக்குச் சற்று முன்பு சுமத்திராவில் பூமி அதிர்ந்தது. நம் கோத்தா கோல மூடாவை ஆழிப்பேரலை அடித்ததோ நண்பகலுக்குப் பிறகு. இடையில் மூன்று மணி நேரத்திற்கும் மேல் இருந்தது. பலர் கையில் தொலைபேசியும் இருந்தது. ஆனால் எல்லாரையும் ஒருசேர எழுப்ப ஒரு மணி இல்லை! அதன் பிறகுதான் நம் நாட்டுக் கடலோரங்களில் அபாயச் சங்குகள் வந்தன.

நாம் கடலோரத்தில் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். 2022 ஜூலை 4ஆம் நாள் பாலிங் வட்டாரத்தில் மலைவெள்ளம் மூன்று உயிர்களைக் கொண்டுபோனது.

ஆகவே பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். நம் பள்ளி மணி நிற்காமல் அடித்தால் அபாயம் என்று பொருள் வைத்துக்கொள்வோம். எந்த மேட்டில் கூடுவது, நடக்க முடியாத பெரியவர்களை யார் தூக்கி வருவது என்று இந்த மாதமே கூடிப் பேசி முடிவு செய்வோம். கைத்தொலைபேசி நம் சட்டைப்பையில் இருக்கட்டும். மணியும் அதன் இடத்தில் தொங்கட்டும்.