பிடுங்குமுன் ஒரு கேள்வி
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணித் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



பல் உடைந்தால், "பிடுங்கிவிடுங்கள் ஐயா, நாளைக்குப் பெரட்டுக்குப் போகவேண்டும்" என்பதே நம் வழக்கம். நானும் அப்படித்தான் ஒரு கடைவாய்ப் பல்லை இழந்தேன். இன்றும் அந்தப் பக்கம் மென்று தின்ன முடிவதில்லை.

பால்மரத்தில் சீவிய பட்டை மீண்டும் வளரும். பல்லின் மேலோடு போனால் வளராது. ஆனால் வேர் உறுதியாக இருந்தால் உறை போட்டுப் பல்லைக் காக்கலாம். மருத்துவர் சொத்தையை நீக்கி, பல்லைச் சுற்றிலும் தேய்த்து, அச்செடுப்பார். நரம்பு கெட்டிருந்தால் முதலில் வேர்ச் சிகிச்சை. உலோகத்திலோ பீங்கானிலோ உறை தயாராகும்வரை தற்காலிக உறை இருக்கும். ஆகவே, பெரும்பாலும் இரண்டு முறையாவது போகவேண்டும். உறை போட்ட பின்னும் ஈறோரம் சொத்தை விழலாம், துலக்குவதை விடாதீர்கள்.

செலவு உண்டு, மறைக்கவில்லை. அதற்காக, வீடு தேடி வந்து மலிவாக ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் வாயைத் திறக்காதீர்கள். 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி பதிவு பெற்றவரிடமே செல்லுங்கள்.

பிடுங்குமுன் கேளுங்கள்: "ஐயா, இந்த வேர் உறையைத் தாங்குமா?" கேட்பது நம் உரிமை.