உடைவது கரை மட்டுமல்ல

(கொல்கத்தாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் தமிழாக்கம்)



விடியற்காலையில் கேனிங்கிலிருந்து புறப்படும் ரயில்கள் சியால்டா வழித்தடத்தில் ஏராளமான உழைக்கும் பெண்களைக் கொல்கத்தாவுக்குக் கொண்டுவருகின்றன. நகரத்து வீடுகளில் சமைக்கவும் பாத்திரம் துலக்கவும் வரும் இவர்களில் பலர் சுந்தரவனத்து ஏழை விவசாயக் குடும்பத்தினர். வங்கக் கடலில் புயல் என்ற செய்தி வந்தால், கைகள் இங்கே வேலை செய்யும். மனமோ ஊரின் தடுப்புக்கரையில் நிற்கும்.

இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. 2009 மே 25 அன்று அய்லா புயல் கரைகளை உடைத்தது. உப்புநீர் புகுந்த வயல்களில் பல பருவங்களுக்கு நெல் விளையவில்லை. ஆண்கள் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வேலை தேடிச் சென்றனர். 2020 மே 20 அன்று ஆம்பன் தாக்கியபோது, ஊரடங்கால் வேலையிழந்து திரும்பியிருந்தோரும் அதில் சிக்கினர். மறு ஆண்டு மே 26 அன்று யாஸ் வந்தது. கோரமாரா தீவு சுருங்கிக்கொண்டே இருக்கிறது.

ஒரு துயரம் ஆறுமுன் அடுத்தது வந்தால் உறக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, கடன் நினைவு வாட்டுகிறது. இதைத் தனிமனிதரின் மனத்திடக் குறைவு என்பது அநீதி. 2018இல் கஜா புயலில், பிள்ளைகளைப்போல் வளர்த்த தென்னைகளை இழந்த டெல்டா விவசாயிகள் இதை அறிவர். காற்றில் கரியைக் கொட்டி லாபம் ஈட்டியோர் ஒருபுறம். அதற்கு உறக்கத்தை விலையாகத் தருவோர் மறுபுறம்.

இடிந்த வீட்டுக்கும் இறந்த மாட்டுக்கும் நிவாரணக் கணக்கில் இடமுண்டு, மனக்காயத்துக்கு இல்லை. பேரிடர்க்கால உளநல உதவிக்கான தேசிய வழிகாட்டுதல்கள் அய்லா வீசிய அதே 2009இல் வெளியாயின. மனநலச் சிகிச்சை உரிமை என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆயினும் தீவுவாசிக்கு அந்த உரிமை படகு, வண்டி, ரயில் ஆகியவற்றுக்கும் ஒரு நாள் கூலி இழப்புக்கும் அப்பால்தான் இருக்கிறது.

ஆறுதல் மொழி மட்டும் போதாது. 2022 மார்ச்சில் ஒன்றிய அரசு மேற்கு வங்கத்துக்கான ஊரக வேலை உறுதித் திட்ட நிதியை நிறுத்தியது. மாநில அரசோ ஊழல் புகார்களுக்குப் பொறுப்பேற்கவில்லை. இரண்டுக்கும் இடையே நசுங்கியது உழைப்பாளியின் கூலி. உறுதியான கரை, உள்ளூரில் வேலை, நிலமிழந்தோருக்கு மறுவாழ்வு, ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் மனநல ஆலோசகர்: இவை பிரிக்கவியலாத கோரிக்கைகள்.

கரை உடையும் இரவில் ஊரே சேர்ந்து மண் சுமக்கிறது. மனம் உடைபவர் மட்டும் ஏன் தனித்திருக்க வேண்டும்? மனத்துயர் வீட்டுக்குள் மறைக்க வேண்டிய வெட்கமல்ல. கிளைக் கூட்டத்தில் பேச வேண்டிய, வீதியில் எழுப்ப வேண்டிய மக்கள் பிரச்சினை.