கூப்பன் தந்த வெற்றி, கூட்டணி தின்ற கட்சி



கூட்டணி என்றால் பலம் என்று நமக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார்கள். யாருக்குப் பலம்? பதில் தேடி உங்களை 1918-ஆம் ஆண்டு பிரிட்டனுக்கு அழைத்துச் செல்கிறேன்.

முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11-இல் ஓய்ந்தது. ஐந்து வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 14-இல் பொதுத் தேர்தல்! அந்த ஆண்டுச் சட்டத்தால் 21 வயது நிரம்பிய ஆண்களுக்கும், சொத்துத் தகுதியோடு 30 வயதைக் கடந்த பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தது. சுமார் 8 மில்லியனாக இருந்த வாக்காளர்கள் 21 மில்லியனைத் தாண்டினார்கள்.

பிரதமர் லாய்ட் ஜார்ஜ் லிபரல் கட்சிக்காரர். ஆனால் 1916-இல் தம் கட்சியின் தலைவர் ஆஸ்குவித்தின் இடத்திற்கு அவர் வந்தது கன்சர்வேட்டிவ் கட்சியின் துணையோடுதான். தேர்தலில் அவரும் கன்சர்வேட்டிவ் தலைவர் போனார் லாவும் கையெழுத்திட்ட ஆதரவுக் கடிதம், தேர்ந்தெடுத்த வேட்பாளர்களுக்கு மட்டும் வழங்கப்பட்டது. போர்க்கால ரேஷன் சீட்டை நினைவுபடுத்தி, அதைக் ‘கூப்பன்’ என்று ஆஸ்குவித் கேலி செய்தார். கூப்பன் பெறாத லிபரல்களில் பெரும்பாலோர் தோற்றார்கள், ஆஸ்குவித்தும் தோற்றார்.

கூட்டணிக்கு 470-க்கும் மேற்பட்ட இடங்கள். அவற்றில் 300-க்கும் மேல் கன்சர்வேட்டிவ்களுடையவை. பிரதமர் நாற்காலி லிபரலுக்கு, நாற்காலியின் கால்கள் மற்றவருக்கு!

விளைவு என்ன? போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கு நல்ல வீடு தருவோம் என்றார்கள். 1919-இல் லிபரல் அமைச்சர் அடிசன் வீடமைப்புச் சட்டம் கொண்டுவந்தார். இலக்கு 5 லட்சம் வீடுகள். செலவு அதிகம் என்று கன்சர்வேட்டிவ்கள் கூச்சலிட்டார்கள். 1921-இல் திட்டம் வெட்டப்பட்டது, அடிசனும் பதவியிழந்தார். எழுந்தவை 2 லட்சத்துச் சொச்சம் வீடுகளே. பதவி இருந்தது, பாதுகாக்கும் பலம் இல்லை.

1922 அக்டோபர் 19-இல் கார்ல்டன் கிளப்பில் கூடிய கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள், இனித் தனித்தே போட்டி என்று முடிவெடுத்தார்கள். அன்றே லாய்ட் ஜார்ஜ் விலகினார். பிளவுபட்ட லிபரல் கட்சி அதன்பின் ஒருமுறைகூடத் தனித்து ஆட்சி அமைக்கவில்லை.

தொழிற்கட்சியைப் பாருங்கள். போர் முடிந்ததும் கூட்டணியை விட்டு வெளியேறியது. 1918-இல் அதற்கு 57 இடங்கள்தாம். 1922-இல் 142, முக்கிய எதிர்க்கட்சி. 1924 ஜனவரியில் ஆட்சி! தொழிற்சங்கங்களும் கிளைகளும் அதற்கு வேராக இருந்தன.

கூட்டணி சேர்வது குற்றமல்ல, அன்பர்களே. ஆனால் உங்கள் பிரதிநிதி மேடையேறி, “நாங்களும் ஆட்சியில் இருக்கிறோம்” என்று மார்தட்டும்போது இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: உங்களுக்குச் சீட்டுக் கொடுத்தது யார்? நாளை அவர் கைவிட்டால் உங்களோடு நிற்பது யார்?

பதில் சொல்லத் தயங்கினால், முதலில் நம் வேரைப் பலப்படுத்துவோம்.