ஒளியே போடும் கணக்கு

இன்று இணையத்தின் செய்திகள் கண்டம் விட்டுக் கண்டம் போவது கண்ணாடி இழைகளின் வழியே, ஒளியாக. ஆனால் அந்தச் செய்தியைப் பிரிக்கவோ திருத்தவோ வேண்டுமென்றால் ஒளியை மின்சாரமாக்கிச் சிப்பிடம் கொடுக்கிறோம். வேலை முடிந்ததும் மறுபடி ஒளியாக்கி அனுப்புகிறோம். ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் கிடைப்பது ஒரு பிகோ விநாடி. அந்த நேரத்தில் இழைக்குள் ஒளி நகரும் தூரம் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். ஒரு பிகோ விநாடியைவிடக் குறுகிய துடிப்புகளைக்கூட லேசர்கள் தருகின்றன. மின்சுற்றுகளோ 100 கிகாஹெர்ட்ஸை எட்டும்போதே திணறுகின்றன. அந்த வேகத்தில் ஒரே ஓர் அலை முடியவே 10 பிகோ விநாடி ஆகிவிடும். ஆகவே கணக்கின் முதல் படியை, ஒளி ஒளியாக இருக்கும்போதே இழைக்குள் முடித்துவிட வேண்டும் என்பது என் வாதம்.

அதற்கான கருவி நம்மிடம் இருக்கிறது: இழைக் கீற்றணி. 1978-இல் கனடாவின் ஒட்டாவாவில் கென் ஹில் குழுவினர், ஜெர்மானியம் கலந்த இழைக்குள் ஆர்கான் லேசர் ஒளியைச் செலுத்தினார்கள். நேரம் ஆக ஆக, இழையிலிருந்து திரும்பி வந்த ஒளி கூடிக்கொண்டே போனது. முன்னே போன ஒளியும் முனையில் பட்டுத் திரும்பிய ஒளியும் சேர்ந்து, கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை வரிவரியாக மாற்றியிருந்தன. அந்த வரிகளின் வரிசைதான் கீற்றணி. 1989-இல் அமெரிக்காவில் ஜெரால்ட் மெல்ட்ஸ் குழுவினர், பக்கவாட்டிலிருந்து புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, வேண்டிய இடைவெளியில் வரி போட வழி கண்டார்கள். 1550 நானோமீட்டர் ஒளியைத் திருப்பியனுப்ப, வரிகளுக்கு நடுவே சுமார் 535 நானோமீட்டர் இடைவெளி போதும். அந்த இடைவெளியையும் வரிகளின் அழுத்தத்தையும் மாற்றி மாற்றி அமைத்தால், ஒரு சமன்பாட்டையே கண்ணாடிக்குள் எழுதிவிடலாம்.

இது மிகையல்ல. வரிகளை நூற்றுக்கணக்கான மைக்ரோமீட்டர் தள்ளித் தள்ளிப் போட்டால், குறிப்பிட்ட ஓர் அலைநீள ஒளி முழுவதும் இழையின் நடுவிலுள்ள உள்ளகத்தை விட்டு, அதைச் சுற்றியுள்ள உறைக்குள் போய்விடும். அந்த மைய அலைநீளத்திலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அதற்கேற்ற வீச்சோடு ஒளி உள்ளகத்தில் மிஞ்சும். பிளஸ் டூ கணக்கில் வரும் வகைக்கெழு செய்வதும் இதையேதான்: மாறாத பகுதியை அழித்து, வேகமாக மாறும் பகுதியை மிஞ்ச வைப்பது. 2006-இல் ரடான் ஸ்லாவிக், ஹோசே அசானா குழுவினர் இப்படி ஒரு வகையீட்டுக் கருவியைச் செய்து காட்டினார்கள். ஒற்றை மேடாக நுழையும் துடிப்பு, நடுவே பள்ளம் விழுந்த இரட்டை மேடாக வெளியே வருகிறது. துடிப்பின் உச்சியில் சரிவு பூஜ்யம்; அதனால் அங்கே இருள். கணக்கு நடந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. டிரான்சிஸ்டர் இல்லை, கடிகாரத் துடிப்பு இல்லை. ஒளி கடந்து போகும் நேரத்திலேயே விடை வந்துவிடுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சாதாரண இழையில் துடிப்பு கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் அகன்றுகொண்டே போகும். வரி இடைவெளி படிப்படியாக மாறும் கீற்றணி அதைச் சரிசெய்துவந்தது. 10 சென்டிமீட்டர் நீளமே ஒரு நானோ விநாடி வரை தாமதத்தை ஈடுகட்டும். பிறகு அந்த வேலையைச் சிப்புகளே எண்முறையில் செய்யத் தொடங்கின. கீற்றணியின் காலம் முடிந்தது என்றார்கள். நெடுந்தூரத் தொலைத்தொடர்பைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிப்பு கணக்குப் போட, முதலில் அந்தத் துடிப்பை அளந்து எண்ணாக்க வேண்டும். ஒரு பிகோ விநாடித் துடிப்பின் வடிவத்தை நேரடியாக அளக்கும் மின்கருவி இல்லாதபோது, சிப்புக்கு அங்கே வேலை எங்கே?

வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கீற்றணியின் அலைநீளம் சுமார் 0.01 நானோமீட்டர் நகரும் என்பதும் உண்மை. ஈடுசெய்யும் உறையில் பொருத்தி அதைக் கட்டுப்படுத்துகிறார்கள். கீற்றணிக்கு நினைவகம் கிடையாது, ‘ஆம், இல்லை’ என்று முடிவெடுக்கவும் தெரியாது என்ற குறையை நான் முழுதாக ஏற்கிறேன். அது கணினிக்கு மாற்றாக வராது. வகையீடு, தொகையீடு, துடிப்பை வடிவமைத்தல் போன்ற மாறாத கணக்குகளை இழையிடமும், முடிவெடுக்கும் வேலையைச் சிப்பிடமும் விடுவதே சரியான பங்கீடு.