அக்கிக் கிருமியின் ஓடு

(தாயில்பட்டியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



அம்மை கண்டால் வேப்பிலை; தண்ணீர் ஊற்றிய பிறகு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஒரு நடை. அக்கி கண்டால் மண்பாண்டம் வனையும் வேளார் வீட்டில் செங்காவியால் எழுதிக்கொள்வது. சின்னம்மையும் அக்கியும் ஒரே கிருமியின் வேலைதான். ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த அந்த வைரஸுக்கு வேரிசெல்லா சோஸ்டர் என்று பெயர். அம்மை இறங்கினாலும் அதன் டி.என்.ஏ. நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கும். உடம்பு தளரும் காலத்தில் விலாவிலோ முகத்திலோ பட்டையாகக் கொப்புளிக்கும்.

இந்தக் குடும்பத்து வைரஸ்கள் தங்கள் டி.என்.ஏ.வைப் புரத ஓடு ஒன்றுக்குள் வைத்திருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரை 8,000 கூறு போட்டால் ஒரு கூறுதான் அதன் குறுக்களவு. முக்கோண முகங்கள் இருபது, முனைகள் பன்னிரண்டு. பதினோரு முனைகளில் ஐந்து ஐந்தாகவும், மற்ற 150 இடங்களில் ஆறு ஆறாகவும் ஒரே புரதம் கொத்துக் கொத்தாக நிற்கிறது. கணக்குப் போட்டால் 955 பிரதிகள். பன்னிரண்டாவது முனையில்தான் வாசல்.

இதைக் கட்டும் முறையைப் பட்டாசு செய்யும் தாயில்பட்டிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். முதலில் வெறுங்குழாய், பிறகு மருந்து செலுத்துதல், கடைசியில் வாயடைப்பு. வைரஸும் அப்படியே செய்கிறது. செல்லின் உட்கருவில் சாரப் புரதத்தைச் சுற்றி வெற்று ஓடு எழும்புகிறது. ஒரு நொதி சாரத்தை வெட்டி அப்புறப்படுத்துகிறது. பிறகு வாசலில் ஒரு புரத மோட்டார் வந்து உட்கார்ந்து டி.என்.ஏ.வை உள்ளே திணிக்கிறது. நீட்டினால் ஓட்டின் குறுக்களவைப் போல முந்நூறு மடங்குக்கு மேல் வரும் இழை அது! வாய்ப்புண் தரும் ஹெர்பிஸ் வைரஸில் இந்தத் திணிப்பின் அழுத்தத்தை 2013-இல் அளந்தார்கள்: ஏறக்குறைய 20 வளிமண்டலம். புதிய செல்லில் நுழைந்த ஓடு உட்கருவின் துளையருகே போய் ஒட்டிக்கொள்ளும். வாசல் திறந்ததும் டி.என்.ஏ. உள்ளே பாயும், ஓடு வெளியிலேயே நின்றுவிடும்.

2018-இல் அந்த வாய்ப்புண் வைரஸின் ஓட்டு நுண்படம் கிட்டத்தட்ட அணு அளவுத் துல்லியத்தில் கிடைத்தது. அத்தகைய படங்களில் புரதச் சங்கிலி சரியாக மடிந்திருக்கிறதா என்று இன்றும் சோதிப்பது, 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் குழு வகுத்த வரைபடத்தை வைத்துத்தான். நமக்கு இதில் கொஞ்சம் பெருமைப்பட உரிமை உண்டு.

டி.என்.ஏ.வைத் திணிக்கும் அந்த மோட்டாரை முடக்கும் மருந்தும் வந்துவிட்டது. 2017-இல் அமெரிக்கா அனுமதித்த லெட்டர்மோவிர், இதே குடும்பத்துச் சைட்டோமெகலோ வைரஸை அடக்குகிறது. அக்கிக்கு அது எடுபடாது. அக்கிக்குக் கைகொடுப்பது டி.என்.ஏ. பெருகுவதைத் தடுக்கும் அசைக்ளோவிர்; கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். காவி எழுதுவதை நான் தடுக்க வரவில்லை. ஆனால் எழுதிவிட்டு மூன்று நாள் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணருகே வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.