பெயரற்ற ஒளிக்குப் பெயர் காணல்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலங்கழிக்கும் நாம் வானநூலைப் பற்றிப் பேச முன்வந்தது துணிவே எனினும், அதற்கொரு காரணம் உண்டு. நம் காலனியைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் சென்ற மாதம் நம்மை நிறுத்தி, "அண்ணா, என் மகள் பொறியியல் வேண்டாம், பௌதிகம் படித்து நட்சத்திரங்களை ஆராயப் போகிறேன் என்கிறாள். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சோறு வருமா?" என்று கேட்டார். அன்று நம்மிடம் விடையில்லை. "யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்று வந்துவிட்டோம். அதன்பின் நூலகத்தில் படித்தறிந்ததே இன்றைய உரை.

காமா கதிர் என்பது மருத்துவமனை எக்ஸ்ரேயைக் காட்டிலும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த ஒளி. அதனை வானிலே தேடுவதற்காக 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கர் ஏவிய தொலைநோக்கிக்கு ஃபெர்மி என்று பெயர். காமா கதிரை ஆடியினால் குவித்துப் படமெடுத்தல் இயலாது. ஆதலின் அது புறப்பட்ட இடத்தை ஒரு வட்டமாகத்தான் குறிக்க முடிகிறது. அவ்வட்டத்திற்குள் மங்கலான விண்மீன்களும் அண்டங்களும் பல கிடக்கும். எட்டாண்டுப் பதிவுகளைத் தொகுத்து 2020-இல் வெளியிட்ட நான்காம் அட்டவணையில் 5064 இடங்கள் குறிக்கப்பட்டன. அவற்றுள் 1336 இடங்களுக்கு உரிய பொருள் எதுவென்று விளங்கவில்லை.

இதைப் படித்தபோது நமக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. வேறோர் ஊரில் பணியாற்றிய காலத்தில், மழையில் முகவரிச் சீட்டு அழிந்த பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. அருகே கிடந்த சரக்குக்கு உரியவரே இதற்கும் உரியவர் என்று அவசரத்தில் எழுதி அனுப்பிவிட்டோம். தவறு நம்முடையதே. மூன்றாம் நாள் தையற்காரர் ஒருவர் ரசீதோடு வந்து நின்றார். பெட்டிக்குள் இருந்தது அவருடைய தையல் இயந்திரம். அது திரும்பி வரும்வரை பதினொரு நாள் அவருக்குப் பிழைப்பில்லை. திறந்து பார்த்திருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். அருகில் இருப்பது அடையாளம் ஆகாது என்பதை அன்று கற்றோம்.

ஒளியைத் திறந்து பார்க்கும் முறைதான் நிறமாலை ஆய்வு. வட்டத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் வானவில்லைப்போல் விரித்துப் பதிவு செய்கிறார்கள். சாதாரண விண்மீனாயின், நீரகம், சோடியம் முதலியவற்றின் கருங்கோடுகள் ஏறக்குறைய தத்தம் இடத்திலேயே நிற்கும், அதனை விலக்கிவிடலாம். தேடும் பொருள் பெரும்பாலும் பிளேசாராகவே இருக்கும்.

பிளேசார் என்பது யாது? தொலைவிலுள்ள ஓர் அண்டத்தின் நடுவே, சூரியனைப்போல் பல கோடி மடங்கு எடையுள்ள கருந்துளை இருக்கிறது. அதனருகிலிருந்து ஒளியின் வேகத்தை ஒட்டிய விரைவில் ஒரு தாரை பீறிடுகிறது. அத்தாரை நம்மை நோக்கியிருப்பின் அதுவே பிளேசார். இரவில் நேரெதிரே வரும் எஞ்சினின் முன்விளக்கு நம் கண்ணைக் கூசச்செய்யும். பின்னால் உள்ள பெட்டிகள் தெரியா. பக்கவாட்டில் நின்றால் வண்டி முழுவதும் தெரியும். அதுபோன்றதே இதுவும்.

இவற்றுள் இருவகை உண்டு. ஒருவகையில், கருந்துளையைச் சுற்றி விரைந்தோடும் வாயுவின் அகன்ற ஒளிக்கோடுகள் தெளிவாகத் தோன்றும். 3சி 273 என்பது அத்தகையது. நீரகத்தின் ஒரு கோடு ஆய்வுக்கூடத்தில் 4861 ஆங்ஸ்ட்ராமில் நிற்பது. இப்பொருளில் அது ஏறத்தாழ 5630-இல் நிற்கக் காண்கிறோம். கழித்தால் 769, அதனை 4861-ஆல் வகுத்தால் 0.158. இதுவே செம்பெயர்ச்சி. மெட்ரிகுலேஷன் கணக்கே இதற்குப் போதும்! 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் இதனைக் கண்டபோதுதான், விண்மீன்போல் தோன்றிய அப்பொருள் இருநூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பாற்பட்டது என்று தெரிந்தது. தொலைவு தெரிந்தால்தான் விளக்கின் உண்மை வலிமை தெரியும்.

மற்றொரு வகையில் கோடுகளே தென்படுவது அரிது. தாரையின் கூச்சம் அனைத்தையும் மறைத்துவிடும். இவ்வகைக்குப் பெயர் தந்த பி.எல். லாசெர்ட்டே என்னும் பொருளை 1929-இல் ஹாஃப்மைஸ்டர் ஒளி மாறும் விண்மீன் என்று குறித்தார். அது வானொலி அலை வீசும் பொருளே என்று 1968-இல் கண்டறியப்படும்வரை விண்மீன் பட்டியலிலேயே இருந்தது. நம் பெட்டி பதினொரு நாள் தவறான இடத்தில் கிடந்தது. இதுவோ முப்பத்தொன்பது ஆண்டுகள்! 1974-இல் ஓக், கன் என்னும் இருவர், முன்விளக்கைக் கையால் மறைத்து வண்டியைப் பார்ப்பதுபோல், நடுவொளியை மறைத்து, சுற்றியுள்ள அண்டத்தின் நிறமாலையைப் பதிவு செய்தனர். செம்பெயர்ச்சி 0.07 என்று விளங்கிற்று.

இது அயல்நாட்டார் கதை மட்டுமன்று. லடாக்கிலுள்ள ஹான்லேயில், மங்கலான பொருள்களின் நிறமாலையைப் பதிவு செய்யும் கருவியோடு இரண்டு மீட்டர் சந்திரா தொலைநோக்கி இயங்குகிறது. அதே ஹான்லேயில் 21 மீட்டர் அகலமுள்ள மேஸ் என்னும் காமா கதிர்த் தொலைநோக்கி 2024 அக்டோபர் 4 அன்று திறந்து வைக்கப்பட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தார்க்கு அதனைச் சமைப்பதில் துணைநின்றது எது தெரியுமா? நாம் அன்றாடம் ஏறும் பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கிறதே, அந்த இ.சி.ஐ.எல். நிறுவனந்தான்!

மற்றொரு செய்தி. இந்நகரின் நிஜாமியா வானாய்வு நிலையத்தில் உதவியாளராக இருந்தவரின் மகன், நம்மைப்போல் வேற்றுமொழி பேசும் குடும்பத்துப் பிள்ளை, நிஜாம் கல்லூரியில் பயின்று, ஹைதராபாத் அரசின் உதவித்தொகையால் ஹார்வர்டுக்குச் சென்றார். அவர்தாம் வைணு பாப்பு. நிறமாலைக் கோட்டின் அகலத்தைக் கொண்டே விண்மீனின் உண்மையொளியை அறியும் முறையை 1957-இல் வில்சனோடு வெளியிட்டார். சவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. 1982-இல் மறைந்தார். அங்கு 1986-இல் திறக்கப்பட்ட பெருந்தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அம்மையார் இவ்வவையிலேயே அமர்ந்திருக்கிறார். தாயே, சோறு உறுதி என்று நாம் பொய் சொல்லோம். படிப்பு நீண்டது, போட்டி கடினமானது, உதவித்தொகை பெறவும் தேர்வில் வெல்ல வேண்டும். ஆயினும், அடுத்த வீட்டுப் பிள்ளை பொறியியல் படிக்கிறான் என்பதற்காக உங்கள் மகள் மீதும் அதே முகவரிச் சீட்டை ஒட்டிவிட வேண்டா. அப்பிழையை நாம் ஒருமுறை செய்திருக்கிறோம். உள்ளே இருப்பது என்னவென்று முதலில் திறந்து பாருங்கள். அவளுக்கு வேண்டிய நூல்களை நம் சங்க நூலகம் வாங்கித் தருமாறு தலைவர் அவர்களைப் பணிவோடு வேண்டி அமைகிறோம்.